ரொவீனாவின் மஞ்சள் கொக்கி

ரொவீனா ஹுடாக் யாருடைய காரில் ஏறினாலும், ஏறுவதற்கு முன் குனிந்து முன்சக்கரத்தை இரண்டு கைகளாலும் பிடித்து இடமும் வலமுமாக ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பாள். டக்கென்று ஏதாவது தட்டுகிறதா என்று காதைக் கொடுப்பாள். பிறகு கையைத் தட்டிவிட்டு ஏறி உட்காருவாள். வருடக்கணக்காக அந்தத் தெருவே பார்த்துச் சலித்த காட்சி இது. பாதிரியாரின் கார், பள்ளிக்கூடச் சமையலறையில் அவளோடு வேலை பார்த்த பெண்களின் கார், வாடகைக் கார், எதுவும் தப்பாது. கணவன் எமில் இறந்தபோது குடும்பத்தாரைக் கல்லறைக்குக் கூட்டிப்போக நீளமான கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. அவள் கையுறைகளைக் கழற்றித் தம்பி டெல்பர்ட்டிடம் கொடுத்துவிட்டு அதன் சக்கரத்துக்கு முன் குனிந்தாள். ஓட்டுநர் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினான்.

“அக்கா, இன்னைக்குமா?” என்று டெல்பர்ட் பல்லைக் கடித்தான்.

“இன்னைக்கு வீட்டுல ஒரு சாவு போதும்டா,” என்றாள் அவள்.

கிறுக்குப் பிடித்தவள் என்று சிலர் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். காரணத்தைச் சொல்லியிருந்தால் அதைவிட மோசமாக ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

அந்தக் காரணம், ஓஹையோவின் அந்த ஊரில் தெற்கு எல்லையில் கார் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் அவளுக்கு இருபது வயது. முன்சக்கரங்களை மாட்டும் வரிசையில் அவள் ஒருத்திதான் பெண். தலைக்கு மேலே கார்கள் தொங்கியபடி நகர்ந்து வரும். ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பப் போகும் டை ராட் என்ற கம்பியின் முனையில் ஒரு நட்டு. அவளுக்கு முன்னால் நிற்பவன் காற்றுத் துப்பாக்கியால் அதை முடுக்கிவிட்டுப் போவான். அவள் இறுக்கத்தை அளக்கும் நீளமான டார்க் ரெஞ்சைப் போட்டு, கிளிக்கென்று சத்தம் வரும்வரை இழுத்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் பக்கத்து இரும்பிலிருந்து நட்டின் மேல் வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. சோதித்தாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம். ரொவீனா இடதுகைக்காரி. அண்ணாந்து பூசும்போது அவள் கோட்டின் வால் மட்டும் கொக்கியைப் போல வளைந்துகொள்ளும். மற்றவர்களின் கோடுகளுக்கு நடுவே அது தனியாகத் தெரியும்.

பிறகு வரிசையின் வேகத்தைக் கூட்டினார்கள். ஒரு காரில் ரெஞ்சைப் போட்டு எடுப்பதற்குள் அடுத்த இரண்டு தலையைத் தாண்டிப் போயின. ஃபோர்மேன் அவள் காதுக்குள் கத்தினான்: “பூசிட்டுப் போம்மா! பின்னால எவனாவது பார்ப்பான்!” பின்னால் எவனும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அன்றிலிருந்து மூன்றில் ஒன்றுக்கு ரெஞ்ச், மூன்றுக்கும் பெயிண்ட். வீட்டுக்குப் போய் மூன்று தடவை கை கழுவினாலும் அந்தப் பெயிண்டின் வாடை சோற்றுத் தட்டு வரை கூடவே வந்தது. அந்த ஊரில் ஓடிய காரெல்லாம் அங்கே செய்த கார். எதில் இருந்த நட்டை அவள் தொட்டுப் பார்த்தாள், எதில் சும்மா பூசினாள்? ஆட்டிப் பார்க்காமல் அவளுக்கு எப்படித் தெரியும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். அவள் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்தாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். தொண்ணூறுகளில் அந்தக் கார்கள் திடீரென்று சாமிகளாகிவிட்டன. தலை நரைத்த ஆண்கள் அவற்றைக் கொட்டகைகளிலிருந்து தோண்டி எடுத்து, தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே ஆக்குகிறோம் என்று கிளம்பினார்கள். பழைய புகைப்படங்களையும் துருப்பிடித்த அச்சுகளையும் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்தார்கள். அப்படித்தான் மஞ்சள் கொக்கியைக் கண்டுபிடித்தார்கள். அப்படித்தான் வாரன் ஸ்டிக்னி ஒருநாள் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

ஸ்டிக்னி பழைய கார்ச் சங்கத்தின் நடுவர். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் தொங்கும் சிறிய டார்ச். “அந்தக் கொக்கி நீங்கதானா மேடம்?” என்று வாசலிலேயே அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அவள் கையை உருவி ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

சங்கத்தின் அந்த வருடக் கார்க் கண்காட்சிக்கு அவளைக் கூட்டிப் போனான். நாற்காலி போட்டு, எலுமிச்சை ஜூஸும் ஹாட் டாகும் கொடுத்து உட்காரவைத்தான். மைதானம் முழுவதும் மெழுகு வாடை. ஒவ்வொரு காருக்கு அடியிலும் முகம் பார்க்கும் கண்ணாடிகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஆண்கள் வயிறு புல்லில் படக் குப்புறப் படுத்து, அந்தக் கண்ணாடிகளில் காரின் அடிப்பக்கத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பாவாடைக்குள் எட்டிப் பார்க்கிறவர்கள் கூட இவ்வளவு வெட்கமில்லாமல் படுக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஸ்டிக்னி டார்ச்சை அடித்துக் காட்டினான். நட்டின் மேல் மஞ்சள் கொக்கி.

“உங்க கைதானே மேடம்?”

“என் கை இல்ல. எவனோ பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால வரைஞ்சிருக்கான்.”

“ஆனா வளைவு அப்படியே இருக்குல்ல?”

“வளைவு கெடக்கட்டும். நட்டை இறுக்கினானா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். “இது எங்க ஓடப்போகுது? டிரெய்லர்ல வந்தது, டிரெய்லர்ல போகும்,” என்றான் ஒருவன்.

“ஓடாத வண்டிக்கு எதுக்குய்யா முத்திரை?” என்று கேட்டாள். பிறகு, எதற்கென்று தெரியவில்லை, ஸ்டிக்னியைப் பக்கத்தில் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். “நான் பூசினதுல மூணுல ரெண்டு சும்மா பூசினது. ரெஞ்சே போடல. நீங்க படுத்துக் கும்பிடறது அதைத்தான்.”

ஸ்டிக்னி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “அதை இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். அழகே போயிடும்.”

வாயில் இருந்த ஹாட் டாகை அவள் காகிதத்தில் துப்பிச் சுருட்டினாள். இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் அடுத்த வருடமும் போனாள். அதற்கடுத்த வருடமும். அந்த நாற்காலி அவளுக்குப் பிடித்திருந்ததா? இத்தனை வருடம் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை என்பதாலா? அருவருப்பாக இருக்கும் இடத்துக்குத் தானே உடை மாற்றிக்கொண்டு கிளம்பிப் போகும் மனதை என்ன சொல்வது? அவளுக்கும் தெரியவில்லை.

டெல்பர்ட்டுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒரு விதவையிடமிருந்து அறுபத்தொன்பதாம் வருடத்துக் கார் ஒன்றை வாங்கி வந்து வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினான். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், முடுக்கினால் தெருவின் ஜன்னல்கள் அதிரும். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த ரொவீனா கதவை அறைந்து சாத்தினாள்.

“இதுக்கு எஞ்சின் இருக்கு, மூளை இல்ல. ஸ்டீரிங்கைத் திருப்பினா யோசிச்சிட்டுத்தான் திரும்புது. ஒரு சாண் சும்மா ஆடுதுடா. பிரேக்கை மிதிச்சா மூக்கைத் தரையில தேய்க்குது.”

“எல்லாம் அந்தக் காலத்துல இப்படித்தான்க்கா.”

“அந்தக் காலத்துல அதனாலதான் செத்தாங்க.”

சங்கத்தின் கண்காட்சி ஒவ்வொரு செப்டம்பரிலும் மலைமுகட்டுச் சாலைக்கு அப்பால் பக்கத்து ஊர் மைதானத்தில் நடக்கும். டிரெய்லரில் வராமல் சொந்தச் சக்கரத்தில் வரும் கார்களுக்கு அதில் தனிப் பிரிவு உண்டு. உள்ளே என்ன மாற்றினாலும் வெளியே தொழிற்சாலையை விட்டு வந்த மாதிரியே தெரிய வேண்டும் என்பது விதி. டெல்பர்ட்டுக்கு அந்தப் பிரிவில் கோப்பை வேண்டும். ஆனால் அந்த வருடம் அவனுக்கு ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. வளைவுச் சாலையில் அவன் ஓட்டக் கூடாது. அவன் மகள் கொரின் ஓட்டுவதாக முடிவாயிற்று.

கொரின் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். தாயில்லாத பெண். அத்தை மடியில் வளர்ந்தவள். ரொவீனா தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

“கொரின் ஓட்டறதுன்னா முன்பக்கம் பூராத்தையும் மாத்து. சஸ்பென்ஷன், ஸ்டீரிங், ஒண்ணு விடாம. இல்லன்னா நானே ராத்திரியோட ராத்திரியா வந்து நாலு டயரையும் கத்தியால குத்துவேன்.”

“சரிக்கா, சரி. காலரை விடு. கிழியுது.”

அந்தக் கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடிந்ததும் அவள் நேராகக் கொட்டகைக்கு வந்தாள். அழுத்தி வைத்திருந்த பழைய ஸ்பிரிங்குகளைச் சங்கிலி கட்டி மெல்ல இறக்கினார்கள். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களில் இருந்த ரப்பர் புஷ்கள் அழுகிய இறைச்சியைப் போல விரலோடு பிய்ந்து வந்தன. கறுப்புப் பிசுக்கில் எலியின் எலும்பு கூடக் கிடந்தது. “இதைத்தான் கும்பிடறாங்க,” என்று அதைச் சுரண்டி வாளியில் போட்டாள். புதிய மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், வளைவில் டயர் சாயாமல் நிற்பதற்காகச் சற்று உயரமான பால் ஜாயிண்ட், தடிமனான குறுக்குக் கம்பி, சட்டென்று திரும்பும் ஸ்டீரிங் பாக்ஸ், புதிய டை ராடுகள் எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. அந்தக் காருக்கு எவனாவது செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. கொரின் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டியபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அத்தை, எங்க அப்பா எப்ப இருந்து இப்படி வேலை தெரிஞ்சவரு ஆனாரு?”

“அக்கா நிக்கிறேன்ல. நான் அந்தப் பக்கம் திரும்பினா அவன் பெயிண்ட் டப்பாவை எடுத்துடுவான்.”

சொன்னபடியே நடந்தது. ஒரு ஞாயிறு அவள் வந்தபோது டெல்பர்ட் புதிய ஆர்ம்களில் செதுக்கியிருந்த கம்பெனிப் பெயரை அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தான். ராவிய இடங்களில் மங்கலான கறுப்பை அடித்து முப்பது வருடப் பழசாக்கினான்.

“என்னடா பண்றே?”

“புதுசுன்னு தெரியக் கூடாதுல்லக்கா.”

“உருப்படியா ஒரு வேலையைச் செஞ்சுட்டு அதை ஒளிச்சு வைக்கிறியே, நீ என்ன திருடனா?”

அவன் அரத்தைக் கீழே வைத்தான். அடுத்து அவன் என்ன கேட்கப் போகிறான் என்பது அவன் கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நம்ம வண்டியிலயும் உன் கொக்கி வேணும்க்கா. நீயே பூசினது. எவன்கிட்டயும் அது கிடையாது. ஸ்டிக்னியே சொல்றாரு.”

“நான் ரெஞ்ச் போடாத நட்டுல நான் பூச மாட்டேன்.”

“அப்ப பூசினியே? ஸ்டிக்னி சொன்னாரு.”

அவள் கையில் இருந்த துணியை அவன் முகத்தில் வீசினாள். அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் அவன் அவளோடு பேசவில்லை. கொரின் நடுவில் தூது வந்தாள். “ஒரு கோடுதானே அத்தை, பூசித் தொலைங்களேன். அப்பா சாப்பிடவே மாட்டேங்கிறாரு. வீடு பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறாரு.”

“பட்டினி கெடந்தா இளைப்பான். நல்லதுதான்.”

காட்சிக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை, சங்கத்தின் பத்திரிகைக்குப் படம் எடுக்க ஸ்டிக்னி கேமராவோடு கொட்டகைக்கு வந்தான். கார் தாங்கிகளின் மேல் நின்றது. சக்கரங்கள் மாட்டவில்லை. டை ராடுகளைக் கையால் மாட்டி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ரெஞ்ச் போட்டு முடிவாக இறுக்கி, நட்டு கழன்று வராமல் குறுக்கே பின் போடுவதெல்லாம் சனிக்கிழமை வேலை. கேக் ஒன்றைக் கொடுக்க வந்த ரொவீனாவை ஸ்டிக்னி வாசலிலேயே மறித்துக்கொண்டான்.

“ஒரே ஒரு தடவை மேடம். அந்தக் கை அந்த நட்டுல படற படம். அதுக்கு மேல என்ன இருக்கு?”

டெல்பர்ட் ஏற்கெனவே மஞ்சள் டப்பாவைத் திறந்து வைத்திருந்தான். மூடியைத் திறந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. அவர்கள் இரண்டு பேரின் முகத்திலும் ஒரே இளிப்பு. அவளுக்கு இரண்டு பேரையும் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் ஸ்டிக்னி விளக்கை அவள் பக்கம் திருப்பினான். அவள் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டது.

காருக்கு அடியில் போய் நட்டை விரலால் தொட்டாள். அது சுழன்றது. டப்பா மூடியைப் போல லேசாகச் சுழன்றது.

“இறுக்கவே இல்லையேடா.”

“சனிக்கிழமை இறுக்குவேன்க்கா. இப்ப படத்துக்குத்தானே.”

அவள் பூசினாள். வலது சக்கரத்தில் ஒன்று, இடது சக்கரத்தில் ஒன்று. இத்தனை வருடம் கழித்தும் வால் அதே மாதிரி வளைந்தது. ஃபிளாஷ் மின்னியது. ஸ்டிக்னி கோயிலுக்குள் நிற்பவனைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். இறுக்கும்போது இந்தப் பெயிண்ட் உடையும், அப்போது கூப்பிடு, மறுபடி பூசித் தருகிறேன் என்று தம்பியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. ஆனால் மாதக்கணக்காக முடியாது என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவையும் தானே வலிய வருவதா? அவள் பிரஷ்ஷை அவன் மடியில் எறிந்தாள்.

“இதுதான் முதலும் கடைசியும். இன்னொரு தடவை பூசுன்னு என் வாசல்ல வந்து நின்னே, இந்தப் பிரஷ்ஷாலயே உன் நல்ல கண்ணையும் குத்திடுவேன்.”

சனிக்கிழமை மாலை அவள் டெல்பர்ட்டின் வீடு வரை நடந்தாள். தலையில் கர்லர்கள் சுற்றியிருந்தன. மறுநாள் போட்டுக்கொள்ள நீல உடையை இஸ்திரி போட்டுவிட்டு வந்திருந்தாள். கொட்டகைக் கதவு மூடியிருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இறுக்கினாயா, பின் போட்டாயா என்று கேட்கத்தான் வந்தாள். கேட்டால் பெயிண்ட் உடைந்ததா என்ற பேச்சு வரும். உடைந்திருந்தால் மறுபடி பூசச் சொல்லிக் கெஞ்சுவான். அந்த இளிப்பை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அவள் திரும்பி நடந்தாள்.

ஞாயிறு காலை சங்கத்தின் கார்கள் தேவாலயத்துக்கு வெளியே வரிசையில் நின்றன. ஸ்டிக்னி தன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவன் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாள். கூட்டம் கைதட்டியது. அதைப் பார்க்கவே காத்திருந்தவர்கள் போலிருந்தது.

நான்கு கார்களுக்குப் பின்னால் கொரின் ஹாரன் அடித்தாள். “அத்தை! என்கூட வரலியா?”

“பெரிய மனுஷங்க கூப்பிட்டிருக்காங்கடி! நீ பின்னாலயே பைய வா!”

“ஓ, நீல டிரஸ்ஸுக்கு என் வண்டி ஆகாதோ?”

“நாக்கை அறுத்துடுவேன்!”

அந்த நான்கு கார்களைத் தாண்டிப் போய் கொரின் இருந்த அறுபத்தொன்பதாம் வருடத்துக் காரின் சக்கரத்தையும் ஒரு தடவை ஆட்டியிருக்கலாம். நினைத்தாள். ஸ்டிக்னி கதவைப் பிடித்தபடி நின்றான், எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உடையின் ஓரத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

மலைமுகட்டில் இரண்டாம் வளைவில் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது கொரினின் கார் அழகாகத் திரும்பி வந்தது. சாயவில்லை, தத்தளிக்கவில்லை. அவளுக்கு மனம் நிறைந்தது. அடுத்த வளைவில் அதன் வலது சக்கரம் மட்டும் தனக்கென்று ஒரு திசையைப் பார்த்துத் திரும்பியது. இடது சக்கரம் சாலையோடு போக, வலது சக்கரம் பள்ளத்தைப் பார்த்தது. கார் குறுக்கே இழுபட்டு, மாட்டு வேலியின் கம்பத்தை முறித்துக்கொண்டு ஓடைப்பள்ளத்தில் இறங்கியது.

அந்தக் காலத்துக் காரில் இடுப்புக்கு மட்டுமே பெல்ட். கொரினின் தாடை ஸ்டீரிங்கில் மோதி உடைந்திருந்தது. ரொவீனா பள்ளத்தில் சறுக்கி இறங்கி அவளை இழுத்து மடியில் கிடத்தினாள். நீல உடை முழுக்க ரத்தம். கொரின் ஏதோ சொல்ல முயன்றாள். வாயில் குமிழிகள்தான் வந்தன. யாரோ பண்ணைவீட்டுக்கு ஓடினார்கள், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய.

மேலே சாலையில் ஒருவன் குனிந்து எதையோ பொறுக்கினான். “கிடைச்சிடுச்சு! டை ராட் நட்டு! இங்க பாருங்களேன், கொக்கி கொஞ்சம் கூட அழியல!”

நாலைந்து பேர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஸ்டிக்னி கைக்குட்டையை விரித்து நட்டை அதில் வாங்கிக்கொண்டு, பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் கை அந்த நட்டைக் குருவிக்குஞ்சைப் போலப் பொத்தி வைத்திருந்தது.

“மேடம், இதை... நான் பத்திரமா வச்சுக்கட்டுமா?”

ரொவீனா கையை நீட்டினாள். “கொண்டா இங்க,” என்றாள். அவன் இறங்கி வந்து கொடுத்தான். அவள் அதை ஓடையின் சேற்றுத் தண்ணீரில் விட்டெறிந்தாள். “நீங்கள்லாம் மனுஷங்களாய்யா? புள்ள ரத்தத்துல கெடக்கா, உனக்கு நட்டு கேக்குது!”

அருவருப்பில்தான் எறிந்தாள். அருவருப்பில் மட்டும்தானா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் டெல்பர்ட் ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் போல அழுதான்.

“இடது பக்கம் இறுக்கினேன்க்கா. பெயிண்ட் உடைஞ்சுடுச்சு. நானே மறுபடி வரைஞ்சேன், ஒத்தைக் கண்ணுல, புழு மாதிரி வந்துச்சு. வலது பக்கத்தைப் பார்த்தேன். அவ்வளவு அழகா இருந்துச்சு. நடுவர் அந்தப் பக்கம்தான் படுப்பாரு. கெடுக்க மனசு வரல. நீதான் இனிமே பூச மாட்டேன்னியே. பின் போடணும்னா நட்டைத் திருப்பணும், திருப்பினா கோடு போயிடும். மெதுவாத்தானே போகப் போறா, காட்சி முடிஞ்சதும் இறுக்கிக்கலாம்னு... சக்கரம் நேரா இருக்கான்னு பாக்கற அலைன்மெண்ட்டுக்குக் கூடக் கடையில ஏத்தல. எவன் கையாவது பட்டுடும்னு வீட்டுலயே நூல் புடிச்சுப் பார்த்தேன்.”

பெயிண்டுக்குப் பயந்து இறுக்காமல் விட்டிருக்கிறான். அவளுடைய பெயிண்டுக்கு. அவள் மிரட்டலுக்கு. ரொவீனா வாயைத் திறந்தாள். காப்பி இயந்திரத்தின் தீய்ந்த வாடை தொண்டையில் இறங்கியது. “அழாதே,” என்று மட்டும் சொன்னாள்.

கொரினின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பேச முடியாமல் அவள் ஒரு பலகையில் எழுதிக் காட்டினாள்: ஏன்? டெல்பர்ட் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு மகளிடம் சொன்னான்: “மறந்துட்டேன்மா. இறுக்க மறந்துட்டேன்.”

கோட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த ரொவீனாவும் சொல்லவில்லை.

தாடை கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கொரின் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். மறந்துட்டேன் என்று சொன்ன அப்பனை அவளால் மன்னிக்க முடியவில்லை. பண்டிகைக்குக் கூட அந்த வீட்டுப் பக்கம் போவதில்லை. அவன் போன் செய்தால் எடுத்து, குரல் கேட்டதும் வைத்துவிடுவாள். அத்தை வீட்டுக்கு மட்டும் வாரம் தவறாமல் வந்தாள். ரொவீனாவுக்குச் சர்க்கரை நோய் முற்றி நடை தளர்ந்த பிறகு அவளைக் குளிப்பாட்டினாள், நகம் வெட்டிவிட்டாள், சூப் வைத்து ஊட்டினாள்.

“இந்தக் குடும்பத்துல ஒழுங்கா வேலை பாக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான் அத்தை,” என்று ஒருநாள் தலை வாரிவிட்டபடியே சொன்னாள். “நீங்க மட்டும் அன்னைக்கு அந்த நட்டைப் பார்த்திருந்தீங்கன்னா எனக்கு இப்படி ஆகியிருக்காது.”

பார்த்தேன், விரலால் சுழற்றிப் பார்த்தேன், அது ஆடியது, ஆடியது தெரிந்தேதான் பூசினேன். உன் அப்பன் மறக்கவில்லை, என் வாய்க்குப் பயந்தான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ரொவீனா மூச்சை இழுத்தாள். கொரினின் சீப்பு முடியில் இதமாக இறங்கிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னால் இந்தக் கை நாளைக்கு வராது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தன் உடம்பின் வாடையே தனக்குப் பிடிக்காமல் போன காலம் அது.

“சிக்கு இருக்கு, பாத்து வாரு,” என்றாள்.

இலையுதிர்காலத்தில் இறந்தாள். ஸ்டிக்னி பெரிய மஞ்சள் மலர்வளையம் அனுப்பியிருந்தான். அதைக் கொண்டுபோய் வெளியே வைக்கும்படி டெல்பர்ட் பாதிரியாரிடம் கேட்டுக்கொண்டான். தேவாலயத்தில் இறுதிப் பூசை நடந்தபோது அவன் வலப்பக்கக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். கொரின் இடப்பக்கம் முதல் வரிசையில் இருந்தாள், ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா கொரினிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பாளோ என்று அவன் அவள் முகத்தையே தேடிக்கொண்டிருந்தான். ரொவீனா அவனுக்கும் அவளுக்கும் தர வேண்டியிருந்த, சொல்லாமல் விட்ட அந்த இரண்டு வரியும் சவப்பெட்டியோடு குழிக்குள் இறங்கின. மகள் இன்னும் அப்பனோடு பேசவில்லை.